கிணற்றுக்கு ஒரு போர்டு

எங்கள் லைனில் ஒரு வெள்ளைப் போர்டு தொங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டங்கள்: இலக்கு, ஆனது, காரணம். ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டுகிற தொழிற்சாலையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். இப்போது லைன் லீடர். மணிக்கு நாற்பது செட் இலக்கு, முப்பத்தொன்றுதான் ஆனது என்றால் குடி ஒன்றும் முழுகிப்போகாது. 'கிளிப் வரவில்லை', 'மெஷின் நின்றது', 'புது ஆள்' என்று மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டால் போதும். மேனேஜர் வருவார், படிப்பார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த லைனுக்குப் போவார். அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் குதிப்பார். ஆக, பதினேழு வருஷத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது இதுதான்: வேலை குறைந்தால் மன்னிப்பு உண்டு, காரணம் குறைந்தால் கிடையாது.

இந்தப் பாடத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுதான் நான் செய்த தப்பு.

பொங்கலுக்கு மத்தூர் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். நல்ல மழை பெய்த வருஷம். வயல் கிணற்றில் முப்பது படிக்கு மேல் உண்டு. அன்றைக்கு மேலே மூன்று படிதான் தெரிந்தது, மீதியெல்லாம் தண்ணீருக்குள். அண்ணனின் பெண்கள் இரண்டு பேரும் மோட்டார் ரூம் சுவரில் ஏறி டமால் டமால் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவர்களுக்கும் தண்ணீரில் இருந்த அண்ணிக்குமாக மூன்று துண்டுகள்.

"எல்லாத்துக்கும் துண்டு புடிக்கறதுக்கா நான் ஓசூர்லருந்து வந்தேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் கிணற்றில் இறங்கக் கூடாது என்பது என் சட்டம். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே போட்டது. "நீ முழுகுனா மேல நின்னு நான் என்னடி பண்ணுவேன்? எனக்கே நீச்சல் தெரியாது" என்றேன், வழக்கம்போல.

"அப்ப நீ கத்துக்கோ."

தண்ணீருக்குள்ளிருந்து அண்ணி கெக்கலி கொட்டிச் சிரித்தார். அந்த வீட்டில் மீன் மாதிரி நீந்துகிறவர் அவர்தான். மோட்டார் குழாயின் அடி வால்வில் குப்பை அடைத்தால் முங்கி எடுப்பதும் அவர்தான், அண்ணன் மேலே நின்று கயிறு பிடிப்பார். நானும் அதே கிணற்று மேட்டில் வளர்ந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் குதித்தார்கள், பெண்பிள்ளைகள் துணி துவைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் சட்டைக் காலர் துவைப்பதில் நல்ல பெயர்.

அத்தனை பேர் முன்னால் சிரித்துவிட்டார்களே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரிடி. நான் முதுகுல காலி கேன் கட்டாம இந்தச் சுவத்துலருந்து அந்தச் சுவத்துக்கு நீந்திக் காட்டறேன். அன்னிக்கே நீயும் எறங்கு" என்றேன். நாற்பத்து மூன்று வயதில் யார் நீச்சல் கற்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். ஆனால் மகள் விடவில்லை. "எப்ப? அடுத்த வருசம் நான் டென்த்து. ஞாயித்துக்கெழமயும் ஸ்பெசல் கிளாஸ் வெப்பாங்க. சித்திரையில கெணத்துல தண்ணி இருக்காது. முழுப் பரீட்சைக்குள்ள முடிக்கணும், இல்லன்னா இல்லதான்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

என் கணவருக்குச் சொந்த ஊர் பர்கூர். பழைய கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் குதித்து வளர்ந்தவர், அதை வருஷத்துக்கு நாலு முறையாவது சொல்லிக்காட்டுவார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ? ஒரே தள்ளு. தானா வந்துரும்" என்றார். கற்றுக்கொடுக்கும் வேலைக்கு அவர் சரிப்படமாட்டார் என்று அங்கேயே முடிவு செய்து, என்னை அண்ணியிடம் ஒப்படைத்துக்கொண்டேன்.

ஓசூர் திரும்பிய மறுநாளே ஒரு சின்ன வெள்ளைப் போர்டு வாங்கி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டினேன். எனக்குத் தெரிந்த வழி அதுதானே. லைனில் நடப்பது போலவே கோடு போட்டேன்: இலக்கு, ஆனது, காரணம். கிழமை நாட்களில் பக்கெட் தண்ணீரில் முகத்தை முக்கி இருபது எண்ணும்வரை மூச்சுப் பிடிக்க வேண்டும், கட்டிலில் குப்புறப் படுத்து நூறு முறை கால் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தூர். செய்ததை 'ஆனது' கட்டத்தில் எண்ணோடு எழுதி, பச்சை மார்க்கரால் டிக். மகள் தன் பங்குக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'தெரியும் படி: 3.' வாரா வாரம் மாமன் பெண்களுக்கு போன் போட்டுக் கேட்டு அந்த எண்ணை மாற்றுவது அவள் பொறுப்பு.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கட்டிலில் கால் அடித்தேன். முப்பதாவது அடியில் கதவைத் தட்டும் சத்தம். கீழ்வீட்டு ஓனரம்மா, கன்னடக்காரர், மூச்சு வாங்க நின்றார். "ஏனாயித்தும்மா? என்னாச்சு, மேல அரிசி இடிக்கறியா?" என்றார். நீச்சல் கற்றுக்கொள்கிறேன் என்றேன். என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

முதல் ஞாயிறு போனேன், உண்மையாகவே போனேன். காலை பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி, மத்தூரில் இறங்கினேன். கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்குக் கொடுத்த டி-சர்ட்டும் கணவரின் பழைய டிராக் பேன்ட்டும் போட்டுக்கொண்டேன். முதுகில் 'பாதுகாப்பு என் பொறுப்பு' என்று கொட்டை எழுத்து. அண்ணி, யாரும் மோட்டாரைப் போட்டுவிடாதபடி அதன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு காலி எண்ணெய் கேன்களை என் முதுகோடு சேர்த்துக் கட்டினார். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மேலே அண்ணன் கையில். நான் தண்ணீருக்கு மேலே தெரிந்த கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டு, முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு இறங்கினேன். கையையும் காலையும் போட்டு அடித்த அடியில் தண்ணீர் மோட்டார் ரூம்வரை தெறித்தது.

"ஏம்மா, தண்ணி உன்ன என்ன பண்ணுச்சு? அத ஏன் இந்த அடி அடிக்கற? தள்ளு, தள்ளிவுடு" என்றார் அண்ணி.

அன்றைக்குப் போர்டில் போட்ட டிக் போர்டைவிடப் பெரியது.

அதோடு சரி. இரண்டாவது ஞாயிறு மூக்கடைப்பு. மூன்றாவது ஞாயிறு என் லைனில் வேலை செய்யும் பெண்ணுக்கு சூளகிரியில் கல்யாணம், லைன் லீடர் போகாமல் இருக்க முடியுமா? நாலாவது ஞாயிறு மாதவிலக்கு. ஐந்தாவது ஞாயிறு போனேன், ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று இடுப்பளவோடு ஏறிவிட்டேன். அதைக்கூட 'தண்ணீரின் குளிர்ச்சி இயல்பைவிட அதிகம்' என்று எழுதிவைத்தேன், ஏதோ ஆராய்ச்சி செய்தவள் மாதிரி. ஆறாவது ஞாயிறு மாதக் கடைசி டிஸ்பாட்ச், ஓ.டி. என்கிற ஓவர்டைம். ஒவ்வொரு காரணமும் அழகான கையெழுத்தில், நம்பும்படியாக, குறை சொல்ல முடியாதபடி இருந்தது. எழுதி முடித்தவுடன் மனசு லேசாகிவிடும். போய்விட்டு வந்த மாதிரியே இருக்கும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நான் கோணலை ஸ்கேல் வைத்து அளந்து எழுதியவள்.

கீழே மகள் எழுதிய வரி மட்டும் யாரையும் சமாதானப்படுத்தாமல் மாறிக்கொண்டிருந்தது. தெரியும் படி: 6. தெரியும் படி: 9. தெரியும் படி: 13.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். கணவர் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் போர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு என்ன கெழம?" என்றாள்.

"செவ்வா."

"வியாழக்கெழம பத்தொம்பது எண்ற வரைக்கும் மூச்சுப் புடிச்சிருக்க. வெள்ளிக்கெழம இருவத்தொண்ணு. நாளு வர்றதுக்கு முன்னாடியே எப்படிம்மா புடிச்ச?"

எனக்கு மூக்கு உடைந்தது. அது லைனில் எல்லோரும் செய்வதுதான். ஆடிட் வருகிறது என்றால் போர்டை முன்கூட்டியே நிரப்பிவிடுவோம். எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும், அதனால் ஒன்று கூட்டி ஒன்று குறைத்து எழுதுவோம். அந்த நுணுக்கத்தைக்கூட நான் விடவில்லை. பதினெட்டு, இருபது, பத்தொன்பது, இருபத்தொன்று. திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதும் முடித்து வைத்திருந்தேன். ஆடிட்டர் என் வீட்டிலேயே வளர்கிறாள் என்பதைத்தான் மறந்துவிட்டேன்.

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மார்க்கரைக் கையில் எடுத்தாள். "உக்காரு. ஏன்-ஏன் போடலாம்" என்றாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலைகளில் ஏதாவது தப்பு நடந்தால் 'ஏன்' என்று கேட்பார்கள். பதில் வந்தால் அந்தப் பதிலுக்கு ஒரு 'ஏன்'. அப்படி ஐந்து முறை கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்பது கணக்கு. என் கணவரும் லேத் பட்டறையில் இதே பாடம் படித்தவர். சோற்றில் உப்பு குறைந்தாலும் ஊருக்குப் போகிற பஸ் தவறினாலும் எங்கள் வீட்டில் இதை வைத்துக் கிண்டல் நடக்கும். மகள் கிண்டலாகக் கேட்கவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"போன ஞாயிறு ஏன் போகல?"

"ஓ.டி. இருந்துச்சு. அதான் எழுதியிருக்கேனே."

"ஓ.டி.க்கு ஏன் போன?"

"மாசக் கடைசிடி. கேட்டாங்க, இல்லன்னு சொல்ல முடியுமா?"

"கேக்கல. நீயாத்தான் பேர் குடுத்தன்னு அப்பா சொன்னாரு. ஏன் குடுத்த?"

நான் கணவரை முறைத்தேன். அவர் ஒரு பீன்ஸை வெளிச்சத்துக்கு எதிரில் தூக்கிப் பிடித்து வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இருந்தா மத்தூர் போவணும்" என்றேன்.

"போனா கெணத்துல எறங்கணும். எறங்க ஏன் புடிக்கல?"

"தண்ணி கையில அகப்படாதுடி. காலுக்குக் கீழ ஒண்ணுமே இருக்காது."

"இருக்காதுதான். அதுக்கு ஏன் இப்படி ஓடற?"

ஐந்தாவது. என்ன சொல்வது என்று போர்டைப் பார்த்தேன். அங்கே எழுதியிருந்த மூக்கடைப்பு, கல்யாணம், குளிர்ச்சி ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"பயமா இருக்குடி" என்றேன்.

சொன்னதும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எழுபது பேர் வேலை செய்யும் லைனை அதட்டி நடத்துகிறவள் நான். பயத்துக்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. யாரும் முழுகி நான் பார்த்ததில்லை, என்னை யாரும் தள்ளிவிட்டதும் இல்லை. எட்டிப் பார்த்தால் அடி தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றை மறைக்க எத்தனை காரணம் உற்பத்தி செய்திருக்கிறேன்! இலக்குக்கு மேலேயே போயிருக்கிறேன்.

மகள் மார்க்கரை மூடி வைத்தாள். பிறகு, "இது உன் போர்டு இல்லம்மா. நீ போகாத ஞாயிறு எல்லாம் நான் போகாத ஞாயிறு" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை, என்னை மாதிரியே பிடிவாதக்காரி. ஈரத்துணியை எடுத்து மூன்றாவது கட்டம் முழுவதையும் துடைத்தாள். என் அழகான கையெழுத்தெல்லாம் நீலமாக வழிந்தது. "இனிமே இதுல ஒரே ஒரு காரணம்தான் எழுதலாம். பயம்னு எழுது. வேற எதுவும் செல்லாது" என்றாள்.

"பயம்னு எழுதிட்டுப் போகாம இருக்கலாமா?" என்று கணவர் பீன்ஸுக்கு நடுவிலிருந்து கேட்டார்.

"இருக்கலாம்" என்றாள். "ஆனா அதத்தான் எழுதணும்."

சுலபமான விதி என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மாலை மார்க்கரை எடுத்து 'பயம்' என்று எழுதிப் பார்த்தபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. மூக்கடைப்பு என்று எழுதினால் வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். பயம் என்று எழுதினால் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. அது மூன்று எழுத்தாக அங்கேயே உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது பார்த்தேன், பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது பார்த்தேன். ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க வீட்டில் இருப்பதற்குக் கிணறே மேல் என்று தோன்றியது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதினேன், உப்பு தீர்ந்துவிட்டது என்று எழுதுகிற மாதிரி. எழுதிவிட்டுப் போனேன். சுறுசுறுப்பு, வைராக்கியம் என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் சொல்கிறார்கள். எனக்கு அவை எதுவும் வாய்க்கவில்லை. பொய் சொல்ல இடம் இல்லாமல் போனதுதான் எனக்கு வாய்த்த வைராக்கியம்.

அண்ணி பிறந்த வீட்டில் தெலுங்கு. கோபமோ பாசமோ அளவு மீறினால் அவருக்குத் தமிழ் பற்றாது. பயப்படாதே என்பதை "பயபடகு, பயபடகு" என்று கத்திக்கொண்டே என் தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். கை போடுவதை "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணுவார். இரண்டு கேன் ஒன்றானது. ஒன்று அரைக் கேன் ஆனது, அதாவது கேனில் பாதி தண்ணீர் நிரப்பிக் கட்டினார், எனக்குச் சொல்லாமலேயே. ஒரு ஞாயிறு சுவரோரமாகவே ஆறு கை போட்டுத் திரும்பினால் கேன் மேல்படியில் இருந்தது. முதுகில் கயிற்றை மட்டும் சுற்றிவிட்டு, கேனைக் கட்டவே இல்லையாம்! கெட்ட வார்த்தை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் திட்டினேன். அண்ணி தெலுங்கில் சிரித்தார்.

ஆனால் சுவரோரம் வேறு, நடுக்கிணறு வேறு. நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்குள் மகள் எழுதும் எண்ணும் ஏறிக்கொண்டே போனது. தெரியும் படி: 19. தெரியும் படி: 22. இன்னும் நாலைந்து படி போனால் அடிப்பாறைத் திட்டு தலைகாட்டும், பிறகு யாரும் இறங்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் முழுப் பரீட்சை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அன்றைக்கு மூன்று பேருமாகப் போனோம். மகள் சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைக் கிருஷ்ணகிரிவரை படித்தாள். கிணற்று மேட்டில் கணவரிடம் துண்டுகளைக் கொடுத்தேன். அண்ணி, அண்ணன் பெண்கள், நான், என் மகள் என்று ஐந்து துண்டு. குவாரியில் குதித்து வளர்ந்த வீரர் கடையில் நிற்கும் சேல்ஸ்மேன் மாதிரி கையில் வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

இருபத்தைந்து படி இறங்கினேன். மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பார்க்கும்போது கிணறு அகலம். அண்ணி முன்னால் நீந்திப்போய் நடுவில் நின்றார், காலால் தண்ணீரை மிதித்துக்கொண்டு. சுவரைக் காலால் உதைத்துக் கிளம்பினேன். ஒகட்டி, ரெண்டு, மூடு. எட்டு கைவரை அண்ணியின் குரல் கேட்டது. பிறகு என் மூச்சு மட்டும்தான் கேட்டது. நடுவுக்கு வந்தபோது மூக்கில் தண்ணீர் ஏறியது, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்றும் புரிந்தது. திரும்பினாலும் அதே தூரம்தானே! அழுகிற மாதிரி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே கை போட்டேன். எண்ணவில்லை, நீச்சலா தத்தளிப்பா என்று பார்க்கவில்லை. விரல் பாசி படிந்த கல்லில் இடித்தது. மோட்டார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மேலே ஒரே கூச்சல். அண்ணன் விசில் அடித்தார். கணவர் கை தட்ட முயன்று ஐந்து துண்டையும் கீழே போட்டார், ஒன்று தண்ணீரிலேயே விழுந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரைக்கேறியது. இத்தனை வருஷத்தில் எந்தப் போர்டில் எந்த இலக்கை எட்டியபோதும் எனக்கு இப்படி இருந்ததில்லை.

பிறகு சுவர்க் கற்களைப் பிடித்தபடியே ஓரமாகப் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகள் முதுகில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு தடதடவென்று படி இறங்கினாள். வேகமாக வந்தவள், தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நின்றுவிட்டாள். ஒரு கை படிக்கல்லை இறுகப் பிடித்திருந்தது. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். மூன்றாவது வகுப்பிலிருந்து ஆசைப்பட்ட கிணறு.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தண்ணி சில்லுன்னு இருக்கு."

 அவளைப் பார்த்துக்கொண்டு தண்ணீருக்குள் அப்படியே நின்றேன், அண்ணி சொல்லிக்கொடுத்த மாதிரி காலால் மிதித்துக்கொண்டு. எனக்கும் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பயமா இருக்கும்மா" என்றாள்.

"வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம். இப்ப கைய விடு."

விட்டாள்.